பந்தெறி வீரர் கோபாலன்

சென்னையிலிருந்து மேற்கே பூவிருந்தவல்லியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், அவ்வூரை அடைவதற்குச் சற்று முன்னர்க் குமணன்சாவடி என்னும் ஊர் உள்ளது. பள்ளி விட்ட மாலைப்பொழுதில் அவ்வழியே செல்வோர், வெற்றிடம் எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், அங்கே சிறுவர் குழுமிப் பந்தாடுதலைக் காண்பர். செங்கற்களை அடுக்கி அதனையே விக்கெட்டாகக் கொள்வர். தென்னமட்டையைச் செதுக்கி அதனையே மட்டையாகப் பிடிப்பாரும் உளர். மட்டை பிடிக்கும் முறைக்காக அவர்களிடையே எழும் பூசல் பெரிது. பந்தெறிவதற்கு அத்துணைப் போட்டி இராது. “நீ பந்து போடு, நான் அடிக்கிறேன்” என்பதே சிறுவர் வழக்கு. ஆயினும், எறிபவன் கையை விட்டுப் பந்து புறப்படாத வரையில், மட்டை பிடித்தவன் செய்யத்தக்கது யாதொன்றும் இல்லை. ஆட்டத்தைத் தொடங்குபவன் பந்தெறிபவனே.

குமணன்சாவடியும் பூவிருந்தவல்லியும் முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அம்மாவட்டத்துச் சிற்றூர்களுள் ஒன்று மொறப்பாக்கம். அவ்வூரிற் பிறந்து, ஊதியம் கருதாது ஆடி, பந்தெறிதலினால் நாடறிந்த பெயர் பெற்றவர் எம். ஜே. கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி எனும் இரண்டு ஆட்டங்களிலும் இந்திய நாட்டின் சார்பில் ஆடும் பேறு அவருக்கு வாய்த்தது. அவ்விரண்டினுள் ஒன்றையே கொள்ள வேண்டும் என்ற நெருக்கடியும் ஒருநாள் அவருக்கு நேர்ந்தது.

பந்தெறிதல் உலகின் பல நாட்டு ஆட்டங்களுக்கும் பொதுவான கலையாகும். அமெரிக்க நாட்டிற் பெருவழக்காயுள்ள பேஸ்பால் என்னும் ஆட்டத்தில் பந்தெறிபவரைப் ‘பிட்சர்’ என்பர். அவர் சிறு மேட்டின்மீது நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி எறிவார். ஓடிவந்து எறிதல் அவர்க்கில்லை. நின்ற இடத்திலேயே உடலை முறுக்கிக் காலை உயர்த்தி, முழங்கையை மடக்கிப் பின் நிமிர்த்திக் கவண்கல் போல விசையுடன் வீசுவார். பந்து நிலத்தைத் தொடாமலே மட்டையாளரை வந்தடையும். கிரிக்கெட்டில் நிலைமை வேறு. இரண்டு விக்கெட்டுகளும் 22 கெசத் தொலைவில், அஃதாவது 66 அடித் தொலைவில், எதிரெதிரே நடப்பெற்றிருக்கும். பந்தெறிபவர் தமக்கு வேண்டிய தொலைவிலிருந்து ஓடிவரலாம். ஆனால் மடக்கிய முழங்கையை நிமிர்த்தி எறிதல் குற்றமாம். கையைச் சக்கரம்போற் சுழற்றியே பந்தை விடுத்தல் வேண்டும். அங்ஙனம் விடுத்த பந்து பெரும்பாலும் நிலத்தில் ஒருமுறை பட்டெழுந்தே மட்டையாளரைச் சேரும். ஆகவே பிட்சருக்குக் காற்று ஒன்றே துணை. கிரிக்கெட்டில் பந்தெறிபவர்க்குக் காற்றும் நிலமும் ஆகிய இரண்டும் துணை.

இத்துணைகளைப் பயன்கொள்ளும் திறம் பந்தின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. கிரிக்கெட் பந்து தக்கையை உள்ளீடாகக் கொண்டு, அதன்மேல் நூலை இறுகச் சுற்றி, செந்நிறத் தோலால் மூடித் தைக்கப்படுவது. அதன் எடை ஐந்தரை அவுன்சிற்குக் குறைதலும் ஆகாது. ஐந்தே முக்கால் அவுன்சிற்கு மிகுதலும் ஆகாது. தோலின் இரு பாதிகளையும் பிணைக்கும் தையல், வயலின் வரப்புப்போலச் சற்றே புடைத்து நிற்கும். புதுப்பந்தை எறிவோர் அத்தையலை ஒரு பக்கமாகச் சிறிது சாய்த்துப் பிடிப்பர். பந்து விரைந்து செல்லுங்கால், ஒரு புறத்துக் காற்று தையலில் மோதிக் கலங்கும். மற்றொரு புறத்துக் காற்று கலங்காது வழுவழுப்பான தோலைத் தழுவிச் செல்லும். இவ்வேற்றுமையினால் பந்து நேர்வழியினின்றும் விலகி வளையும். நிலத்திற் படும்பொழுதும் புடைத்த தையலே முதலிற் பட்டால் எப்பக்கம் திரும்பும் என்று முன்னறிதல் அரிது. பந்து புதிதாயிருக்கும் சிறிது நேரமே இவ்வித்தை முழுமையாகப் பலிக்கும். தோல் தேய்ந்து மெருகு அழிந்துவிடின் எறிபவரின் தோள்வலியும் பொறுமையுமே எஞ்சும். கோபாலன் வலக்கையால் விரைந்து எறிபவர்; புதுப்பந்தைக் கையாளும் பொறுப்பு அவருடையது.

அவர் இளைஞராய் வளர்ந்த காலத்துச் சென்னை ஆட்டக்களங்களின் நிலையை அறிந்தாலன்றி, அவர் பெற்ற இடத்தின் அருமை விளங்காது. சென்னைக் கிரிக்கெட் கழகம் 1846ஆம் ஆண்டில் தோன்றியது. சேப்பாக்கத்துத் திடல் அக்கழகத்தாரின் ஆட்சியில் இருந்தது, அவர்கள் ஆங்கிலேயர். இந்தியர் அத்திடலில் ஆட நேர்ந்தகாலையும் ஆங்கிலேயர் அமரும் மண்டபத்தில் அவர்களுக்கு இடமில்லை என்றும், மரநிழலிலேயே அமர்ந்து உண்டனர் என்றும் கூறுவர். இவ்விழிவைப் பொறாத புச்சிபாபு நாயுடு என்னும் செல்வர் 1888ஆம் ஆண்டில் இந்தியர்க்கெனச் சென்னை ஐக்கியக் கழகத்தை நிறுவினார். இந்தியரும் ஆங்கிலேயரும் ஒத்த நிலையில் எதிர்நின்று ஆடவேண்டும் என்பது அவருடைய வேட்கை. அதற்கென அவர் முயன்று ஏற்பாடு செய்த ஆட்டம் நிகழுமுன்னரே, 1908ஆம் ஆண்டில், அவர் மறைந்தார். பின்னர் அவ்வாட்டம் ‘மாகாண ஆட்டம்’ எனப் பெயர் பெற்று, பொங்கல் விழாவை ஒட்டி ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் நடைபெறலாயிற்று. பொங்கலுக்குப் புத்தாடை உடுத்து, சோற்றுப்பொதியும் கையுமாக மக்கள் அதனைக் காணத் திரள்வது வழக்கமாயிற்று. ஆள்வோரை ஆளப்படுவோர் அறநெறியில் நின்று தோற்கடிக்கக்கூடிய இடம் அந்நாளில் அது போல வேறு பல இருந்தில.

கோபாலன் 1909ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் பிறந்தார் என்பது ஆட்டப் பதிவேடுகள் கூறுவது. 1906 என்று கொள்வாரும் உளர். அவர் இளமையிலேயே சென்னைத் திருவல்லிக்கேணியிற் குடியேறிய குடும்பத்தினர். திருவல்லிக்கேணித் தெருவிலிருந்து சேப்பாக்கத்துத் திடல் கூப்பிடு தொலைவு எனலாம். கூப்பிடு தொலைவாயினும், எளிய குடியிற் பிறந்த சிறுவன் அத்திடலின் நடுவே பந்தும் கையுமாக நிற்பது எளிதன்று. அதற்குக் கழகம் வேண்டும். வெண்ணிற ஆடையும் காலணியும் வேண்டும். ஆடும் நாளில் வயிற்றுப்பாட்டிற்கு வழி வேண்டும்.

அவ்வழியைக் காட்டியவர் ஓர் ஆங்கிலேயர் என்பது வியப்பிற்குரியது. சி. பி. ஜான்ஸ்டன் என்னும் அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சார்பிலும் கெண்ட் மாவட்டத்தின் சார்பிலும் கிரிக்கெட் ஆடித் தேர்ந்தவர். பர்மா ஷெல் என்னும் எண்ணெய் நிறுவனத்தின் அலுவலராகச் சென்னையில் இருந்தார். மாகாண ஆட்டத்தில் ஆங்கிலேயர் பக்கம் நின்று ஆடியவரும் அவரே. கோபாலனது பந்தின் விறலைக் கண்டறிந்த ஜான்ஸ்டன், அவ்விளைஞருக்குத் தம் நிறுவனத்தில் வேலை தேடித் தந்தார். நாளை தம்மை எதிர்த்தே பந்தெறியப் போகும் ஒருவனுக்கு இன்று சோற்றுக்கு வழி செய்பவரை நல்ல ஆட்டக்காரர் என்று சொல்லாமல் வேறு என் சொல்வது?

இவ்விடத்து ஒன்றை விளக்குதல் வேண்டும். ஆடுவதற்கென ஊதியம் பெறாமல், வேறு தொழிலாற் பிழைத்துக்கொண்டு, ஆட்டத்தின்மீதுள்ள பற்றினால் ஆடுவோரை ‘அமெச்சூர்’ என்பர். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு ஊதியம் பெறுவோர் தொழின்முறை ஆட்டக்காரர். இங்கிலாந்து நாட்டில் இவ்விரு பிரிவினரும் ஒரே அணியில் ஆடினும், அமெச்சூர்கள் ஒரு வாயில் வழியாகவும் தொழின்முறையாளர் மற்றொரு வாயில் வழியாகவும் களம் புகுந்த காலம் உண்டு. அவ்வேற்றுமையை அந்நாட்டார் 1962ஆம் ஆண்டிலேதான் ஒழித்தனர். அங்கே அமெச்சூர் என்றால் பெரும்பாலும் பொருள் உடையவர். இங்கோ, அலுவலகத்தில் மாதச் சம்பளம் வாங்கி, மேலாளரிடம் விடுப்புக் கேட்டு, ஆடிவிட்டு மறுநாள் மேசைக்குத் திரும்பியவரும் அமெச்சூரே. கோபாலன் இவ்வகையினர். ஒரு சொல் கடல் கடந்து வருங்கால் அதன் பொருள் இவ்வளவு மாறிவிடுகிறது.

1933ஆம் ஆண்டின் இறுதியில் டக்ளஸ் ஜார்டின் என்பார் தலைமையில் ஆங்கில நாட்டு அணி இந்தியாவுக்கு வந்தது. இந்திய மண்ணில் டெஸ்ட் ஆட்டங்கள் முதன்முதலாக நடைபெற்றது அப்பொழுதுதான். அவற்றுள் இரண்டாவது ஆட்டம் 1934ஆம் ஆண்டு சனவரித் திங்கள் கல்கத்தாவில் நிகழ்ந்தது. அதில் ஆடக் கோபாலன் தேர்ந்தெடுக்கப் பெற்றார். ஈரின்னிங்சிலும் சேர்த்து 18 ஓட்டங்கள் எடுத்தார். 114 பந்துகள் எறிந்து, 39 ஓட்டங்கள் கொடுத்து, ஒரு விக்கெட்டை வீழ்த்தினார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கன்னி முயற்சிக்கு இஃது இழிந்ததன்று. ஓட்டங்களை வாரி வழங்காமல் கட்டுப்படுத்தி எறிந்தமை அவ்வெண்களாலேயே விளங்கும்.

மூன்றாவது டெஸ்ட் ஆட்டம் பிப்பிரவரியில் சென்னையிலேயே, அவர் வீட்டிற்கு அணித்தான சேப்பாக்கத்திலேயே நடைபெற்றது. அத்திடலில் நிகழ்ந்த முதல் டெஸ்ட் அதுவே. அவ்வணியில் அவர் பெயர் இல்லை. பந்தெறியும் பொறுப்பை ஏற்ற அமர்சிங் ஓர் இன்னிங்சில் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார் ஆதலின், தேர்ந்தெடுத்தோர் மீது குறை கூறுவதற்கும் இடமில்லை. தன் ஊரில் நிகழும் திருமணத்தில் தனக்கு இலை போடப்படாமற் போவது போன்ற நிலை அது. கல்கத்தாவில் ஆடியதே கோபாலன் ஆடிய ஒரே டெஸ்ட் ஆட்டமாகும் என்பதை அன்று அவரோ பிறரோ அறிந்திருத்தல் இயலாது.

எனினும், அதே ஆண்டிற் சேப்பாக்கம் அவருக்கு வேறொரு சிறப்பினை அளித்தது. கிரிக்கெட்டில் ஒப்பற்ற புகழெய்திய நவாநகர் மன்னர் ரஞ்சித்சிங் 1933ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் நினைவாகப் பட்டியாலா மன்னர் அளித்த கோப்பைக்கென இந்திய மாகாணங்களுக்கிடையே போட்டி தொடங்கப்பெற்றது. அதன் முதல் ஆட்டம் 1934ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நிகழ்ந்தது. புதுப்பந்து கோபாலன் கையிற் கொடுக்கப்பட்டது. எதிரே மைசூர் அணியின் கர்ட்டிஸ் என்பவர் மட்டையுடன் நின்றார். கோபாலன் ஓடிவந்து எறிந்த அப்பந்தே ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதற்பந்து. அன்றுமுதல் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் எத்தனையோ இலக்கம் பந்துகள் அப்போட்டியில் எறியப்பட்டுள்ளன. அவற்றுக்கெல்லாம் தலைப்பந்து திருவல்லிக்கேணி இளைஞருடையது.

அவ்வாட்டம் மற்றொரு வகையாலும் மறக்கவொண்ணாதது. மைசூர் அணி முதலில் 48 ஓட்டங்களுக்கும், மீண்டும் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. சென்னை அணி எடுத்த 130 ஓட்டங்களே இன்னிங்ஸ் வெற்றிக்குப் போதியவாயின. மூன்று நாள் ஆட்டமென எண்ணி வந்தோர் முதல் நாள் மாலையிலேயே வீடு திரும்பினர். அதிற் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்திப் புகழ்கொண்டவர், சென்னையில் வாழ்ந்த சீக்கிய வீரர் இராம்சிங். அவர் இடக்கையாற் சுழற்பந்து எறிபவர். அத்துணை வல்லவராகிய அவர் ஒரு டெஸ்ட் ஆட்டத்திற்கேனும் தேர்ந்தெடுக்கப் பெற்றிலர். கோபாலனது நிலையை எண்ணி வருந்துவோர் இராம்சிங்கையும் நினைத்தல் தகும்.

இனி, கோபாலனது மறுகை ஆட்டத்தைக் காண்போம். ஹாக்கி என்னும் வளைகோற்பந்தாட்டத்தில் இந்தியா அந்நாளில் உலகில் நிகரற்று விளங்கியது. 1928ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தும், 1932ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தும் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் இந்திய அணியே தங்கப்பதக்கம் வென்றது. பின்னதில் அமெரிக்க அணியை 24 கோல்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றமை இன்றும் பேசப்படுகிறது. தியான்சந்த் என்னும் வீரரின் கோலில் பந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று பிறநாட்டார் ஐயுற்ற காலம் அது. 1935ஆம் ஆண்டில் அத்தியான்சந்தின் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலிய நாடுகளுக்குச் சென்ற இந்திய ஹாக்கி அணியிற் கோபாலனும் இடம் பெற்றார். அப்பயணத்தில் அவ்வணி ஆடிய ஆட்டங்கள் 48. அடித்த கோல்கள் 584. வாங்கியவை 40 மட்டுமே. உலகத் தலைமை பெற்ற அணியில் ஒருவராய்க் கடல் கடந்து மீண்ட கோபாலன், அடுத்த ஆண்டு ஒலிம்பிக் அணியில் இடம்பெறுதற்கு உரியவர் என்று கருதப்பட்டதில் வியப்பில்லை.

அடுத்த ஆண்டு 1936. அவ்வாண்டின் கோடையில் ஹாக்கி அணி பெர்லின் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்திற்குப் புறப்பட இருந்தது. அதே கோடையில் இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்து செல்ல இருந்தது. இரண்டும் ஒரே காலத்தன. இரண்டு கப்பல்களில் ஒருவர் ஏறுதல் இயலாது. ஒருபுறம், இரண்டு முறை தொடர்ந்து உலகை வென்ற அணி. தங்கம் ஏறத்தாழக் கைக்கெட்டிய கனி. மறுபுறம், அதுகாறும் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலேனும் வென்றறியாத அணி. ஆனால் அதன் பயணம், கிரிக்கெட் பிறந்த நாட்டிற்கு, லார்ட்ஸ் திடலுக்கு. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

அவர் பிழை செய்தார் என்று பின்வந்தோர் பலர் எழுதினர். விடை தெரிந்தபின் கணக்குப் போடுதல் எவர்க்கும் எளிது. பந்தெறிபவன் ஒருவனுக்கு ஆங்கில நாட்டுப் பசும்புல் தரையும், ஈரக்காற்றும், மேகம் கவிந்த வானமும் எத்துணைப் பெரிய ஆசையை ஊட்டும் என்பதை அவ்வாட்டம் அறிந்தோரே அறிவர். புதுப்பந்து அங்கே வளைவது போல வேறெங்கும் எளிதில் வளைவதில்லை. மேலும், ஹாக்கியில் அவர் ஒருமுறை நாட்டுக்காகக் கடல் கடந்தாயிற்று. கிரிக்கெட்டில் அப்பேறு அதுவே முதன்முறை.

சென்ற இடத்தில் நேர்ந்ததோ வேறு. விசயநகரத்து இளவரசர் அவ்வணிக்குத் தலைவர். செல்வமும் செல்வாக்கும் உடையவரேனும், தலைமைக்குரிய ஆட்டத்திறன் அவரிடம் இருந்ததென்று எவரும் துணிந்து கூறார். அணிக்குள் கட்சிகள் தோன்றின. சிறந்த ஆட்டக்காரராகிய அமர்நாத், முதல் டெஸ்ட் தொடங்குமுன்னரே, கீழ்ப்படியவில்லை என்ற குற்றச்சாட்டின்பேரில் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அத்தகைய வீட்டில் விருந்துண்ணச் சென்றவராயினர் ஏனையோர்.

கோபாலனுக்கு வேறொரு தடையும் இருந்தது. விரைந்து பந்தெறியும் முகமது நிசார் அணியிலேயே இருந்தார். அமர்சிங் அந்நாளில் இங்கிலாந்தின் கோன் என்னும் ஊர்க் கழகத்தில் ஊதியம் பெற்றாடும் தொழின்முறையாளர். டெஸ்ட் ஆட்டங்களுக்காக அங்கிருந்து விடுவிக்கப்பட்டு வந்தார். கேம்பிரிட்ஜிற் பயின்றுகொண்டிருந்த ஜகாங்கீர்கானும் அவ்வாறே டெஸ்ட் நாட்களில் வந்து சேர்ந்தார். (அவ்வாண்டு சூலையில் லார்ட்ஸ் திடலில் இவர் எறிந்த பந்து பறந்துகொண்டிருந்த குருவியொன்றின்மீது பட, அக்குருவி இறந்து வீழ்ந்தது. பாடம் செய்யப்பட்ட அக்குருவி அத்திடலின் காட்சிசாலையில் வைக்கப்பட்டது.) நாடு விட்டுக் கப்பலேறி வந்த கோபாலன், முதல் டெஸ்டிலும் ஆடவில்லை; மான்செஸ்டரில் நடந்த இரண்டாம் டெஸ்டிலும் ஆடவில்லை. சிறிய ஆட்டங்கள் சிலவற்றில் ஆடியதோடு சரி.

மான்செஸ்டரில் நிகழ்ந்த இன்னொன்றும் சொல்லத்தக்கது. புச்சிபாபுவின் மைந்தரும், டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் 1922ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்காக ஆடியவருமாகிய கோட்டா இராமசாமியும் அவ்வணியில் இருந்தார். அவருக்கு அப்பொழுது அகவை நாற்பது. அவ்வயதில் முதன்முறையாக டெஸ்ட் ஆடிய அவர், முதலில் 40 ஓட்டங்களும் பின்னர் 60 ஓட்டங்களும் எடுத்தார். இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்காக ஆடிய சென்னையர் இருவர் ஒரே அணியிற் சென்றிருந்தனர். ஒருவருக்குக் கதவு திறந்தது, மற்றவருக்குத் திறக்கவில்லை.

மூன்றாம் டெஸ்ட் இலண்டன் நகரத்து ஓவல் திடலில் 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. அதே ஆகஸ்டு 15ஆம் நாளிலேதான் பெர்லினில் ஹாக்கி இறுதி ஆட்டமும் நடைபெற்றது. முந்தைய நாள் நடைபெற வேண்டியது மழையினால் ஒருநாள் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. இலண்டனில் ஆங்கிலேயரான ஹாமண்ட் இந்தியப் பந்துகளை நாற்புறமும் சிதறடித்து 217 ஓட்டங்கள் குவித்தார். பெர்லினிலோ, முற்பாதியில் ஒரே கோல் அடித்திருந்த இந்தியர், பிற்பாதியில் வெள்ளமெனப் பாய்ந்து, ஜெர்மனியை அதன் தலைநகரிலேயே எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று மூன்றாம் முறையாகத் தங்கம் கொண்டனர். கோபாலன் பெர்லினில் இல்லை. இலண்டனில் இருந்த அணியினராயினும் ஓவல் களத்திலும் இல்லை. அவர் தேர்ந்த ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. விடுத்த ஆட்டத்தில் அவர் இன்றியே வெற்றி நிகழ்ந்தது.

இவ்விடத்தே கோபாலனது ஆட்ட வாழ்வு முடிந்திருக்குமாயின் அது வருந்தத்தக்க கதையாகவே நின்றிருக்கும். ஆனால் அவர் சென்னைக்கு மீண்டு, அலுவலகத்திற்குச் சென்றார். மாலையிற் பந்தைக் கையிலெடுத்தார். பொங்கல் வந்தது, மாகாண ஆட்டத்திற்கு வந்து நின்றார். ரஞ்சிப் போட்டியிற் சென்னைக்காகத் தொடர்ந்து ஆடினார். இரண்டாம் உலகப் போர் மூண்டு, நாடுகளுக்கிடையேயான டெஸ்ட் ஆட்டங்கள் நின்றுபோயின. விரைந்து எறிவோரின் தோள், இருபது வயது முதல் முப்பது வயது வரையிலேதான் முழுவலியோடிருக்கும். அதன்பின் முதுகும் முழங்காலும் முறையிடத் தொடங்கும். கோபாலனோ நாற்பதைக் கடந்தும், 1951–52ஆம் ஆட்டப் பருவம் வரையில், முதல்தர ஆட்டங்களிற் களம் புகுந்தார். பழைய மாகாண ஆட்டமும் அதே பருவத்தோடு நிறைவெய்தியது. நாடு விடுதலை பெற்றபின் எதிர்நின்று ஆடுவதற்கு ஆள்வோர் என்று எவரும் இலரன்றோ? ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலத்தில் முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 194. மட்டை பிடித்து எடுத்த ஓட்டங்கள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்திற்கும் மேற்பட்டவை.

அவரை மறவாதிருந்தவர் கடலுக்கு அப்பாலும் ஒருவர் இருந்தார். இலங்கைக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராயிருந்த பி. சரவணமுத்து என்னும் தமிழர், 1952–53ஆம் பருவத்தில் ஒரு கோப்பையை அளித்தார். சென்னை மாகாணமும் இலங்கையும் அதற்கென ஆடவேண்டும் என்பது ஏற்பாடு. கோப்பைக்கு இட்ட பெயர் ‘கோபாலன் கோப்பை.’ வாழும் ஆட்டக்காரர் ஒருவர் பெயரால், அதுவும் பிறநாட்டார் ஒருவர் கோப்பை வழங்குதல் அரிதினும் அரிது. இலங்கைக்கு அந்நாளில் டெஸ்ட் ஆடும் உரிமை இல்லை. ஆகவே இவ்வாட்டத்தையே அந்நாட்டு இளைஞர் தம் திறத்தைக் காட்டும் களமாகக் கருதி வந்தனர். சேப்பாக்கத்திலும் கொழும்பிலுமாகப் பல்லாண்டுகள் அது நடைபெற்றது. பாக்கு நீரிணையின் இருகரையிலும் இருந்த மக்கள் ஒருவர் ஆட்டத்தை ஒருவர் அறிந்துகொண்டது கோபாலன் பெயரைச் சொல்லியே. பின்னாளில் இலங்கை டெஸ்ட் உரிமை பெற்று, 1982ஆம் ஆண்டு பிப்பிரவரியில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராக ஆடியது. அது நிகழ்ந்த கொழும்புத் திடல் சரவணமுத்துவின் பெயர் தாங்கியது.

கோபாலன் நெடுநாள் வாழ்ந்தார். உடன் ஆடியோரும் எதிர்த்து ஆடியோரும் ஒருவர்பின் ஒருவராய் மறைந்தனர். சேப்பாக்கத்தில் மரங்கள் நின்ற இடத்திற் கற்காரைப் படிக்கட்டுகள் எழுந்தன. வெண்ணிற ஆடையோடு வண்ண ஆடையும் களம் புகுந்தது. ஆட்டக்காரர்க்கு ஊதியம் இலக்கக்கணக்கில் வளர்ந்தது. 2003ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். டெஸ்ட் ஆடியோருள் அன்று உலகில் உயிரோடிருந்தவர்களில் அவரே அகவையில் முதியவர் எனப் பதிவேடுகள் குறித்தன. அவர் ஆடிய டெஸ்ட் ஒன்று. அதில் வீழ்த்திய விக்கெட்டும் ஒன்று.